மிளகா, பப்பாளி விதையா? ஒரு சிறுநீரகக் கட்டிக்குப் பெயர் கிடைக்கும் விதம்

“பயாப்ஸிக்கு அனுப்பியிருக்காங்க, ரிசல்ட் வரணும்.” ஆபரேஷன் முடிந்த வீடுகளில் ஒரு வாரம், பத்து நாள் இந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது பலருடைய மனதில் இருக்கும் படம் இது: கட்டியில் ஒரு துண்டை வெட்டி ஏதோ ஒரு மெஷினுக்குள் வைப்பார்கள், சர்க்கரை அளவு வருவதுபோல் ‘கேன்சர்’ என்றோ ‘இல்லை’ என்றோ சீட்டு வெளியே வரும். அதனால்தான் ரிப்போர்ட் தாமதமானால் கோபம் வருகிறது. வந்த ரிப்போர்ட்டில் ‘ஃபேவர்ஸ்’, ‘கன்சிஸ்டன்ட் வித்’ என்று எழுதியிருந்தால் ‘டாக்டருக்கே சரியாத் தெரியலை போல’ என்ற பயம் வருகிறது.

திசுவை வெட்டி ஸ்லைடு போடும் ஆய்வகத்தில் டெக்னீஷியனாகப் பல வருடம் இருந்தவன் நான். அப்படி ஒரு மெஷின் கிடையாது. ஒரு மனிதர் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து பார்க்கிறார், சந்தேகப்படுகிறார், இன்னொரு சாயம் போட்டுக் கேட்கிறார், மறுபடியும் பார்க்கிறார். அவர்தான் பேத்தாலஜிஸ்ட், தமிழில் நோய்க்குறியியல் மருத்துவர். நோயாளி அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ஆனால் அடுத்து நடக்கப்போகும் எல்லா சிகிச்சையும் அவர் வைக்கும் பெயரைப் பொறுத்தது.

அவர் வேலையைப் புரிய வைக்க, ‘குரோமோஃபோப்’ என்னும் அரிய சிறுநீரகப் புற்றை எடுத்துக்கொள்கிறேன். காரணம், அதைப்போலவே தோற்றமுள்ள, புற்றே அல்லாத இன்னொரு கட்டி இருக்கிறது.

முதலில் மிளகைப் பார்ப்போம்

கடையில் வாங்கிய மிளகில் காய்ந்த பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? டப்பாவை எட்ட வைத்துப் பார்த்தால் எல்லாமே கறுப்பு உருண்டைதான். உள்ளங்கையில் கொட்டிக் கிட்டத்தில் பார்த்தால், சிலது நீள்வாக்காக வேறு மாதிரி சுருங்கியிருப்பது தெரியும். அப்போதும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு தம்ளர் தண்ணீரில் போடுவோம். முற்றிய மிளகு அடியில் தங்கும், பப்பாளி விதை மிதக்கும். ஆனால் முற்றாத பொக்கு மிளகும் மிதக்கும். அதனால் மிதந்ததை எடுத்து உடைத்து, உள்ளே பார்த்து, வாசம் பிடித்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

இதில் எந்த ஒரு சோதனையும் தனியாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நாலைந்து சாட்சிகள் ஒரே பக்கம் கை காட்டும்போதுதான் நமக்கு உறுதி வருகிறது. கட்டிக்குப் பெயர் வைப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

கிட்னி கேன்சர் என்று ஒரே நோய் கிடையாது

நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. இவற்றுக்கு நெஃப்ரான் என்று பெயர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர் இரத்தத்திலிருந்து இவற்றுக்குள் வடிகிறது. அதில் ஒன்றரை இரண்டு லிட்டர் மட்டும் சிறுநீராக வெளியேறுகிறது, மற்றதெல்லாம் திரும்பவும் இரத்தத்துக்கே போகிறது. வடிந்த நீர் ஒரு நீண்ட நுண்குழாய் வழியாக ஓடும்போது இந்த வேலை நடக்கிறது. வாய்க்காலின் தலைமடையில் ஒரு வேலை, கடைமடையில் வேறு வேலை என்பதுபோல, குழாயின் ஒவ்வொரு பகுதியிலும் வெவ்வேறு வகை செல்கள் இருக்கின்றன.

செல்கள் அளவில்லாமல் பெருகித் திரண்டால் அது கட்டி. பெருகினாலும் வேறு உறுப்புக்குத் தாவாமல் இருந்த இடத்திலேயே இருந்தால் அது தீங்கில்லாத கட்டி. ரிப்போர்ட்டில் ‘பினைன்’ என்று இருக்கும். தாவக்கூடியது புற்று, ‘மலிக்னன்ட்’. எந்த வகை செல்லிலிருந்து கட்டி பிறந்ததோ, அந்தச் செல்லின் சாயல் கட்டியிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். பேத்தாலஜிஸ்ட் தேடுவது அந்தச் சாயலைத்தான்.

சிறுநீரகச் செல் புற்றுகளில் நூற்றுக்கு 75 அளவில் ‘கிளியர் செல்’ வகை. 10 முதல் 15 வரை ‘பாப்பில்லரி’ வகை. இவை இரண்டும் குழாயின் தலைமடைப் பகுதியோடு சாயல் ஒத்தவை. நூற்றுக்கு 5 அளவில் மட்டும் வருவது குரோமோஃபோப். அது கடைமடையில், அதாவது சிறுநீர் சேரும் குழாய்களில், இரத்தத்தின் அமிலத்தன்மையைச் சீராக வைத்திருக்கும் செல்களின் சாயல் கொண்டது.

அதே கடைமடைச் செல்களின் சாயலோடு இன்னொரு கட்டியும் வருகிறது. அதன் பெயர் ‘ஆன்கோசைட்டோமா’. ‘ஆன்கோ’ என்று தொடங்குவதால் கேன்சர் என்று பலர் பயந்துவிடுகிறார்கள். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு வீக்கம், பருமன் என்றுதான் பொருள். பருத்த செல்களால் ஆன கட்டி, அவ்வளவே. இது தீங்கில்லாத வகை.

ஆக, ஒரே வயிற்றில் பிறந்தவைபோல இரண்டு கட்டிகள். ஒன்று புற்று, மற்றது இல்லை. குரோமோஃபோபும் பெரும்பாலும் மெதுவாக வளர்வதுதான், கிளியர் செல் அளவுக்கு மூர்க்கமில்லாதது. ஆனாலும் அதற்குப் பரவும் ஆற்றல் உண்டு. அந்தக் குடும்பம் வருடக்கணக்கில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா, நிம்மதியாக இருக்கலாமா என்பதை இந்த ஒரு பெயர் முடிவு செய்துவிடுகிறது.

ஸ்கேனிலேயே தெரிந்துவிடாதா?

சில கட்டிகள் தெரிந்துவிடும். கொழுப்பு கலந்த ‘ஆஞ்சியோமயோலிப்போமா’ என்னும் கட்டியை, உள்ளே இருக்கும் கொழுப்பை வைத்து ஸ்கேனிலேயே பெரும்பாலும் அடையாளம் சொல்லிவிடுவார்கள். நம் இரண்டு கட்டிகளும் அப்படி அல்ல. ஆன்கோசைட்டோமாவின் நடுவில் நட்சத்திரம்போல் ஒரு தழும்பு தெரியும் என்பார்கள். உண்மைதான், ஆனால் குரோமோஃபோபிலும் அது தெரியலாம். ஸ்கேன் என்பது டப்பாவை எட்ட வைத்துப் பார்ப்பது மாதிரி. கட்டி இருக்கிறதா, எத்தனை சென்டிமீட்டர், இரத்தக் குழாயைத் தொட்டிருக்கிறதா என்று மிகத் துல்லியமாகச் சொல்லும். அதன் செல்கள் எப்படி இருக்கின்றன என்று சொல்ல அதனால் முடியாது.

“அப்படியென்றால் முதலில் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ஆபரேஷன் செய்யலாமே?” நியாயமான கேள்வி. மார்பகக் கட்டியில் அப்படித்தான் செய்கிறார்கள். சிறுநீரகத்தில் பல சமயம் ஊசி பயாப்ஸி இல்லாமலேயே கட்டியை எடுத்துவிடுவதற்கு ஒரு காரணம், ஊசியில் வரும் திசு சேமியா இழை அளவே இருக்கும் என்பது. நம் இரட்டையர் விஷயத்தில் அந்த இழை பல நேரம் போதாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இருந்தாலும் 4 சென்டிமீட்டருக்கும் குறைவான சிறுநீரகக் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று தீங்கில்லாததாக இருப்பதால், சிறிய கட்டிகளுக்கு ஊசி பயாப்ஸி இப்போது முன்பைவிட அதிகமாகச் செய்யப்படுகிறது.

ஊசி பட்டால், கத்தி பட்டால் கேன்சர் உடம்பெல்லாம் பரவிவிடும் என்ற பயம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. ஊசி போன தடத்தில் செல் ஒட்டி வளர்வது சிறுநீரகத்தில் மிக மிக அரிது. இழைகளை ஒரு மெல்லிய உறைக்குழாய் வழியாக எடுப்பதால் அந்த வாய்ப்பு இன்னும் குறைகிறது. இந்தப் பயத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, கட்டி பெரிதான பிறகு வருபவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

கட்டி ஸ்லைடு ஆகும் வரை

இது என் வேலை நடந்த இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரிப்போர்ட்டுக்கு ஏன் இத்தனை நாள் ஆகிறது என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது.

உடம்பிலிருந்து வெளியே வந்த திசு, வெட்டிய மீன்போல அழுகத் தொடங்கும். அதைத் தடுக்க உடனே ஃபார்மலினில் போடுகிறார்கள். ஃபார்மலின் செல்லின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, இருந்த நிலையிலேயே உறைய வைக்கிறது. ஆனால் அது திசுவுக்குள் மெதுவாகத்தான் ஊறும். முழுச் சிறுநீரகத்தை அப்படியே வாளியில் போட்டு வைத்தால் மேல்பக்கம் பதமாகும், நடுப்பகுதி கெட்டுவிடும். அதனால் முதலில் நெடுக்காகப் பிளந்து விடுவார்கள். குறைந்தது ஒரு நாள் ஊற வேண்டும்.

பிளந்த அந்த நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியும் நிறமே முதல் சாட்சி. கிளியர் செல் கட்டி நல்ல மாம்பழ மஞ்சளாக, அங்கங்கே இரத்தம் கசிந்து இருக்கும். ஆன்கோசைட்டோமா கருப்பட்டி நிறம். குரோமோஃபோப் பால் கொஞ்சம் கூடிப்போன டீயின் நிறம். ஃபார்மலினில் ஊறிய பிறகு எல்லாமே சாம்பல் தட்டிப்போகும் என்பதால், புதிதாக இருக்கும்போதே நிறத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் கட்டியிலிருந்து சிறு துண்டுகள் எடுப்பார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு துண்டாவது என்பது வழக்கம். நடுவிலிருந்து, ஓரத்திலிருந்து, கொழுப்பைத் தொடும் இடத்திலிருந்து, நிறம் மாறித் தெரியும் இடத்திலிருந்து எல்லாம் எடுக்க வேண்டும். எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதில் பாதி நோயறிதல் இருக்கிறது. வெட்டாத இடத்தில் இருப்பதை எந்த மைக்ரோஸ்கோப்பும் காட்டாது.

துண்டுகளை ஆல்கஹாலில் மாற்றி மாற்றி வைத்துத் தண்ணீரை எடுத்து, சைலீனில் வைத்து ஆல்கஹாலை எடுத்து, கடைசியில் உருகிய பாரஃபின் மெழுகை உள்ளே ஏற்றுகிறோம். மெழுகு ஆறியதும் கெட்டியாக நிற்பதுதான் ‘ப்ளாக்’. அதை ஐஸ்மேல் வைத்துக் குளிர வைத்து, மைக்ரோடோம் என்னும் கருவியில் 3, 4 மைக்ரான் கனத்துக்குச் சீவ வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு இருக்கும் இந்தச் சீவல். ரிப்பன்போல வரும் அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டு, சுருக்கம் இல்லாமல் கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுக்க வேண்டும். இதில் கைப்பழக்கம்தான் எல்லாம். ஒரு மடிப்பு விழுந்தாலும் பார்ப்பவருக்கு அது வேறு எதுவோபோல் தெரியலாம்.

சீவிய திசுவுக்கு நிறமே இருக்காது. அதனால் இரண்டு சாயங்கள் ஏற்றுகிறோம். ஒன்று ஹெமட்டாக்சிலின். மத்திய அமெரிக்கப் பகுதி மரம் ஒன்றின் கட்டையிலிருந்து எடுக்கப்பட்டு, ஒரு காலத்தில் துணிக்குச் சாயம் போடப் பயன்பட்டது. இது செல்லின் உட்கருவை, அதாவது மரபுச் செய்தி இருக்கும் மையப் பகுதியை, நீலமாக்கும். மற்றது இயோசின். அது உட்கருவைச் சுற்றியுள்ள பகுதியை ரோஜா நிறமாக்கும். இந்த நீலத்தையும் ரோஜாவையும் வைத்துத்தான் உலகம் முழுவதும் பெரும்பாலான கட்டிகளுக்குப் பெயர் வைக்கப்படுகிறது.

இதுவரை வந்ததைச் சேர்த்துக்கொள்வோம். திசுவைப் பதப்படுத்த ஒரு நாள், மெழுகேற்ற ஓர் இரவு, சீவி நிறமேற்ற இன்னொரு நாள். பார்த்ததில் சந்தேகம் வந்தால் ப்ளாக்கிலிருந்து மறுபடி சீவி வேறு சாயம் போட மேலும் சில நாள். தாமதம் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி இந்த ஊறலும் உலர்தலும்தான்.

நிறம் ஏற்காத செல்

‘குரோமோ’ என்றால் நிறம், ‘ஃபோப்’ என்றால் அஞ்சுவது. சாயம் ஏற்ற மறுத்து வெளிறி நிற்கும் செல்கள் என்பதால் வந்த பெயர். இப்படிப்பட்ட செல்களை முதலில் கவனித்தது ஆய்வுக்காக எலிகளில் உண்டாக்கிய சிறுநீரகக் கட்டிகளில்தான். மனிதர்களிலும் இது தனி வகை என்று 1985-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் தோனஸ், ஸ்டோர்கல், ரும்பெல்ட் என்ற மூவர் எழுதினார்கள். அதற்கு முன்பும் இந்த நோய் இருந்திருக்கிறது, ஆனால் கிளியர் செல் என்றோ வேறு ஏதோ என்றோ எழுதிவிட்டார்கள்.

கிளியர் செல்லும் வெளுப்பு, இதுவும் வெளுப்பு. எப்படிப் பிரிப்பது? கிளியர் செல்லுக்குள் கொழுப்பும் கிளைக்கோஜன் என்னும் சேமிப்பு மாவுப்பொருளும் நிறைந்திருக்கும். ஆல்கஹாலிலும் சைலீனிலும் போட்டு எடுக்கும்போது அவை கரைந்து போய்விடுகின்றன. மிஞ்சுவது காலி அறை, கண்ணாடிபோல வெறுமை. குரோமோஃபோப் செல் காலி இல்லை. அதற்குள் மிக நுண்ணிய குமிழ்கள் ஆயிரக்கணக்கில் அடைந்திருக்கின்றன. அதனால் அரிசி கழுவிய தண்ணீர்போல ஒரு கலங்கலான வெளுப்பு தெரியும். சரி, இந்த வித்தியாசத்தைப் பார்க்கும் பழக்கம் ஒரு வாரத்தில் வந்துவிடாது. ஆயிரம் ஸ்லைடு பார்த்த கண்ணுக்குத்தான் பிடிபடும்.

இன்னும் மூன்று அடையாளங்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் வெங்காயத் தோலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருப்பீர்கள், ஒவ்வொரு செல்லுக்கும் வரப்புக் கட்டியதுபோல் இருக்கும். குரோமோஃபோப் செல்களின் எல்லைக்கோடும் அப்படித் தடித்துத் தெரியும். உட்கருக்கள் உருண்டையாக இல்லாமல், பாயசத்தில் போடுவதற்கு முன் இருக்கும் காய்ந்த திராட்சைபோலச் சுருங்கியிருக்கும். அந்த உட்கருவைச் சுற்றி, நிலா கோட்டை கட்டுவதுபோல, ஒரு வெளிர் வளையம் இருக்கும்.

ஆன்கோசைட்டோமாவின் கோலம் வேறு. அதன் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்னும் ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்புகள் இடமே இல்லாமல் நெரிசலாக இருக்கும். அவை இயோசினை நன்றாகப் பிடித்துக்கொள்வதால் செல் முழுக்க அழுத்தமான ரோஜா நிறம். உட்கரு கடுகுபோல் உருண்டை. வெள்ளம் நிற்கும் வயலில் அங்கங்கே தலைகாட்டும் திட்டுகள்போல, செல்கள் கூட்டம் கூட்டமாகத் தளர்வான திசுவுக்குள் நிற்கும்.

இந்தக் கட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. 1976-இல் அமெரிக்காவில் கிளைன், வேலென்சி என்ற இருவர் 13 நோயாளிகளின் கட்டிகளை வைத்து, இது தனி வகை, சாதுவான வகை என்று காட்டிய பிறகுதான் மருத்துவ உலகம் இதைப் பரவலாகக் கவனித்தது. அவர்கள்கூட இது குழாயின் தலைமடையிலிருந்து வருவதாக நினைத்தார்கள்; கடைமடை என்பது பின்னால் தெரிந்தது.

இரட்டையர் இருவரும் ஒரே சட்டை போட்டால்

இதுவரை படித்தவர்களுக்கு, “ஒன்று வெளுப்பு, ஒன்று ரோஜா, பிரிப்பது சுலபம்தானே?” என்று தோன்றும். சிக்கல் இனிமேல்தான். குரோமோஃபோபிலேயே ஒரு பிரிவு, வெளுக்காமல் முழுக்க ரோஜா நிறத்தில் வருகிறது. அதன் செல்களிலும் மைட்டோகாண்ட்ரியா ஏராளம். மைன்ஸ் குழுவினரே 1988-இல் இதையும் எழுதினார்கள். இதன் பக்கத்தில் ஆன்கோசைட்டோமாவை வைத்தால் அனுபவசாலிகளும் நிதானிப்பார்கள்.

இப்போது பேத்தாலஜிஸ்ட் தண்ணீர்த் தம்ளரைத் தேடுகிறார். பழைய முறை, ஹேல் என்பவர் பெயரால் வழங்கும் இரும்புச் சாயம். குரோமோஃபோபின் நுண்குமிழ்களில் இருக்கும் அமிலத் தன்மையுள்ள சர்க்கரைப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அந்த இரும்பை நீலமாக்கினால் செல் முழுக்க நீலம் பரவும். ஆன்கோசைட்டோமாவில் அப்படிப் பரவாது. அருமையான யோசனை. ஆனால் இந்தச் சாயத்தைச் சரியாகப் போடுவது கடினம், கொஞ்சம் தவறினாலும் எல்லாம் நீலமாகும் அல்லது எதுவுமே ஆகாது. அதனால் இப்போது குறைந்துவிட்டது.

அதன் இடத்துக்கு வந்திருப்பது இம்யூனோ சாயம். கூட்டத்தில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பெயர்க்காரர் மட்டும் திரும்பிப் பார்ப்பார் இல்லையா, அந்த மாதிரி. குறிப்பிட்ட ஒரு புரதத்தோடு மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளைத் திசுவின்மேல் விட்டு, அது ஒட்டிய இடத்தைப் பழுப்பு நிறமாக்கிக் காட்டுவார்கள். நம் இரட்டையருக்கு முதலில் கூப்பிடும் பெயர் சிகே-7. வழக்கமான குரோமோஃபோபில் பெரும்பாலான செல்கள் திரும்பிப் பார்க்கும், எல்லைக்கோடெல்லாம் பழுப்பாகும். ஆன்கோசைட்டோமாவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு சில செல்கள் மட்டும்.

இதிலும் பொக்கு மிளகு உண்டு. ரோஜா நிறக் குரோமோஃபோபில் சிகே-7 திட்டுத் திட்டாகவே வரலாம். ஆன்கோசைட்டோமாவின் நடுத் தழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் செல்கள் சிகே-7 காட்டலாம். ஊசியில் எடுத்த சேமியா இழை அந்தத் தழும்பின் ஓரத்தைத் தொட்டு வந்திருந்தால் என்ன ஆகும்? முழுக் கட்டியும் கையில் இருக்கும்போது வராத சந்தேகமெல்லாம் வரும். ஊசித் திசு போதாமல் போகும் என்று முன்பு சொன்னது இதனால்தான்.

சிடி-117 என்று இன்னொரு பெயரும் கூப்பிடுவார்கள். அதற்கு இரட்டையர் இருவருமே திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம் எதற்கு என்றால், கிளியர் செல் திரும்பிப் பார்க்காது. மூன்றாமவரை வெளியேற்ற அது உதவுகிறது.

இத்தனைக்கும் பிறகும் தீராவிட்டால் குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கலாம். மரபுச் செய்தி கட்டிவைக்கப்பட்ட மூட்டைகள்தான் குரோமோசோம்கள், நமக்கு 23 ஜோடி. குரோமோஃபோபில் 1, 2, 6, 10, 13, 17, 21 ஆகிய எண்களில் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று காணாமல் போயிருப்பது வழக்கம். ஆன்கோசைட்டோமாவில் இத்தனை இழப்பு சேர்ந்து வருவதில்லை. ஆனால் ரோஜா நிறப் பிரிவில் சிலவற்றுக்கு இந்த இழப்பே இருக்காது. ஆக, இழப்பு தெரிந்தால் பலமான சாட்சி. தெரியாவிட்டால் எதுவும் முடிவாகவில்லை.

கண் ஏமாறும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆன்கோசைட்டோமாவில் சில சமயம் உட்கருக்கள் பூதம்போலப் பெருத்துக் கறுத்துத் தெரியும். பக்கத்துக் கொழுப்புக்குள்ளும் கொஞ்சம் நீண்டிருக்கும். வேறு கட்டியில் இவை அபாய அடையாளம். இங்கே, செல்கள் முதுமையடைந்து தளர்ந்ததால் வந்த தோற்றம். கட்டி சாதுவாகவேதான் இருக்கும். அதனால்தான் ஒரே ஒரு பயமுறுத்தும் புள்ளியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்று அந்தத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் இருக்கும் தயக்கம்

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். ‘கன்சிஸ்டன்ட் வித்’ என்றால் பார்த்ததெல்லாம் இந்த நோயோடு பொருந்துகிறது என்று பொருள். ‘ஃபேவர்ஸ்’ என்றால் இரண்டு வாய்ப்புகளில் இந்தப் பக்கம் சாய்கிறேன் என்று பொருள். ‘சஜஸ்டிவ்’ அதைவிடக் கொஞ்சம் மெல்லியது. ஆளுக்கு ஆள் இந்தச் சொற்களின் அழுத்தம் சற்று மாறும். அதனால் சந்தேகம் இருந்தால் உங்கள் அறுவை மருத்துவரிடம், “டாக்டர், பேத்தாலஜிஸ்ட்கிட்ட ஒரு வார்த்தை நேரில் பேசிச் சொல்லுங்களேன்” என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஊசி பயாப்ஸியில் ‘ஆன்கோசைட்டிக் நியோப்ளாசம்’ என்று மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால், ரோஜா நிறச் செல்கள் கொண்ட கட்டி, இந்தச் சிறு இழையை வைத்து இதற்குமேல் சொல்வது சரியாகாது என்று அர்த்தம். உலக சுகாதார அமைப்பின் 2022 வகைப்பாட்டிலேயே, இந்த இரண்டில் எதிலும் அடங்காத ரோஜா நிறக் கட்டிகளுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அப்படி எழுதுபவர் தெரியாமல் எழுதவில்லை. தெரிந்ததன் எல்லையில் நிற்கிறார். கட்டாயப்படுத்தி ஒரு பெயர் வாங்குவதைவிட அது நோயாளிக்கு எவ்வளவோ நல்லது.

இரண்டு சொற்களை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘ஸ்டேஜ்’ என்பது கட்டி எவ்வளவு பெரிது, எதுவரை போயிருக்கிறது என்பது. சிறுநீரகத்தோடு நின்று 7 சென்டிமீட்டர் வரை இருந்தால் டி-1, அதற்கு மேல் டி-2. ‘கிரேடு’ என்பது செல்லின் முகம் எவ்வளவு கோரமாக இருக்கிறது என்பது. கிளியர் செல், பாப்பில்லரி வகைகளுக்கு உட்கருவைப் பார்த்து 1 முதல் 4 வரை கிரேடு போடுவார்கள். குரோமோஃபோபுக்கு இதைப் போடுவதில்லை. அதன் உட்கரு பிறவியிலேயே காய்ந்த திராட்சை என்பதால், இந்த அளவுகோலில் வைத்தால் அநியாயமாக அதிக மார்க் வாங்கிவிடும். ரிப்போர்ட்டில் கிரேடு இல்லையே, விட்டுவிட்டார்களோ என்று பதற வேண்டாம். அதற்குப் பதில் செல்கள் செத்துக் கிடக்கும் பகுதி இருக்கிறதா, நூற்கதிர்போல் நீண்ட மூர்க்கமான செல்களாக எங்காவது மாறியிருக்கிறதா என்று பார்த்து எழுதியிருப்பார்கள். அந்த மாற்றத்துக்கு ‘சார்கோமட்டாய்டு’ என்று பெயர். முக்கியமான வரி அதுதான்.

சுருக்கமாக, பெயர் என்ன, எதுவரை போயிருக்கிறது, மூர்க்கமான பகுதி உண்டா, வெட்டிய ஓரத்தில் கட்டி மிச்சம் இருக்கிறதா. ரிப்போர்ட்டில் இந்த நான்கையும் தேடினால் போதும்.

ஸ்லைடிலிருந்து குடும்பத்துக்கு

சில சமயம் அந்தக் கண்ணாடித் துண்டு நோயாளியைத் தாண்டியும் பேசும். ஒரே சிறுநீரகத்தில் பல கட்டிகள், அல்லது இரண்டு பக்கமும் கட்டிகள், அவற்றில் பாதி ஆன்கோசைட்டோமா மாதிரியும் பாதி குரோமோஃபோப் மாதிரியும் கலந்து தெரிந்தால், பேத்தாலஜிஸ்ட் நோயாளியின் முகத்தைப் பற்றிக் கேட்பார். மூக்கு, கன்னம், கழுத்தில் வெளிறிய சிறு மருக்கள் உண்டா? நுரையீரலில் காற்றுப் பைகள் உண்டா, எப்போதாவது நுரையீரல் உடைந்து காற்று கசிந்திருக்கிறதா? 1977-இல் கனடாவில் பர்ட், ஹாக், டூபே என்ற மூன்று மருத்துவர்கள் ஒரு குடும்பத்தின் தோல் மருக்களை விவரித்ததால், அவர்கள் பெயரிலேயே வழங்கும் பரம்பரைக் கோளாறு இது. 17-ஆவது குரோமோசோமில் இருக்கும் ஃபாலிகுலின் என்னும் மரபணுவில் பழுது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இது தெரிந்தால் சிகிச்சையே மாறும். கட்டிகள் மறுபடி மறுபடி வரலாம் என்பதால் முழுச் சிறுநீரகத்தை எடுக்காமல், பெரிய கட்டி 3 சென்டிமீட்டர் எட்டும்வரை கவனித்து, கட்டியை மட்டும் எடுப்பது பொதுவான வழி. ஆனால் ‘ஃபியூமரேட் ஹைட்ரடேஸ்’ என்னும் நொதி இல்லாமல் போய் வரும் இன்னொரு அரிய பரம்பரைப் புற்று, சிறியதாக இருக்கும்போதே பரவக்கூடியது. அதில் காத்திருக்கவே கூடாது. அதைக் கண்டுபிடிக்கும் இம்யூனோ சாயத்தில், சுற்றியுள்ள நல்ல செல்கள் பழுப்பாகிக் கட்டி மட்டும் நிறமற்று நிற்கும். அங்கே நிறம் வராததுதான் சாட்சி. ஒரே 2 சென்டிமீட்டர் கட்டி, ஒரு பெயரில் பொறுத்திருக்கச் சொல்கிறது, இன்னொரு பெயரில் உடனே எடுக்கச் சொல்கிறது.

ப்ளாக்கைக் கேட்டு வாங்கலாம்

ரிப்போர்ட் எழுதி முடித்தாலும் மெழுகு ப்ளாக் ஆய்வகத்தில் வருடக்கணக்கில் இருக்கும். அதற்குள் உங்கள் திசு, அன்று பதப்படுத்திய நிலையிலேயே இருக்கிறது. 2019-இல் ஆன்கோசைட்டோமாவுக்கும் குரோமோஃபோபுக்கும் நடுவில் நின்ற ஒரு சாதுவான கட்டியைத் தனியாகப் பிரித்தார்கள். சிகே-7 முழுக்கப் பழுப்பு, சிடி-117 சுத்தமாக இல்லை என்பது அதன் அடையாளம். முன்பு எடுத்து வைத்திருந்த ப்ளாக்குகளிலிருந்து புதிதாகச் சீவி, புதிதாகச் சாயம் போட்டுப் பார்த்ததால் தெரிந்த விஷயம் அது.

ஆகவே இரண்டாவது கருத்து வேண்டும் என்றால், நோயாளியை மறுபடி குத்தவோ வெட்டவோ தேவையில்லை. ஆய்வகத்தில் ரிப்போர்ட் எண்ணைக் கொடுத்து ஸ்லைடுகளையும் ப்ளாக்குகளையும் கேளுங்கள். இரண்டையுமே கேளுங்கள், ஸ்லைடு மட்டும் இருந்தால் புதுச் சாயம் போட முடியாது. கூடவே ரிப்போர்ட் நகல், ஸ்கேன், குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரகக் கட்டி இருந்ததா என்ற குறிப்பு எல்லாம் போகட்டும். ப்ளாக்குக்கு ஐஸ் பெட்டி வேண்டாம், டிஷ்யூ காகிதத்தில் சுற்றி ஒரு டப்பாவில் போட்டால் போதும். வழியில் சாப்பிட இறங்கும்போது வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 60 டிகிரிச் சூட்டில் பாரஃபின் உருகிவிடும்.